மஞ்சள் மூடி

கண் வழியாக நெஞ்சுக்குள் இறங்கும் என்று
காதலைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்.
மருந்தும் அப்படித்தானாம்.
இமையின் உள்மூலையில்
ஊசிமுனை அளவு ஒரு துளை போதும் அதற்கு.

ஆண்டுக்கு இருமுறை விமானத்தில் வரும் கண் டாக்டர்
நீல விளக்கை ஹால்வர்தூரின் விழியோடு ஒட்டிப் பார்த்து
முப்பத்திரண்டு என்றார்.
எதில் முப்பத்திரண்டு என்று இவர் கேட்கவில்லை.
ஆடு எடைபோட்டே பழகியவர்,
எண் என்றால் எண்தான்.
ஓரங்கள் போய்விட்டன, நடுவைக் காப்பாற்றுவோம் என்று
மஞ்சள் மூடி போட்ட சின்னக் குப்பி ஒன்றைத் தந்தார்.
காலையில் ஒரு துளி, இரவில் ஒரு துளி.
விட்டதும் மூக்கோரம் விரலால் அழுத்துங்கள்,
இரண்டு நிமிடம்.

போன ஓரங்களை எனக்குத் தெரியும்.
கதவு நிலையில் இடித்துக்கொண்ட தோள்.
இடப்பக்கம் நான் நீட்டிய காப்பிக் கோப்பை
வாங்க ஆளில்லாமல் நின்ற நேரம்.
கோபம் என்று நினைத்தேன்.
இரண்டு குளிர்காலம்
நானும் பதிலுக்குக் கோபமாக இருந்தேன்.

அவர் விட்டால் துளி கன்னத்தில் வழியும்.
அதனால் நான்.
மீன் ஆலைக்குப் போகும் முன் ஒருமுறை,
திரும்பி வந்து, வாடை போகக் கை கழுவி, ஒருமுறை.
சமையலறை நாற்காலியில் தலையைச் சாய்த்துக்
கூரையைப் பார்த்திருப்பார்.
கீழிமையை இழுத்துப் பிடிப்பேன்.
துளி விழும். சுண்டுவிரலை மூலையில் வைப்பேன்.
பார்ப்பவர்களுக்கு, அழாதே என்கிறேன் போலிருக்கும்.
அழவில்லை யாரும்.
வானொலியில் படகுகளுக்கான வானிலை ஓடும்.
அது முடியும், விரலை எடுப்பேன்.

செப்டம்பர். மலையிலிருந்து ஆடு இறக்கும் வாரம்.
எனக்கு ஆலையில் இரட்டை ஷிப்ட்.
அவரே விட்டுக்கொண்டார்.
மூடுபனியில் ஆடு கண்ணுக்குத் தப்பிவிடுமோ என்று
ஒன்றுக்கு மூன்றாக.
விரல் வைக்கவில்லை. கையுறை மாட்டியாகிவிட்டதாம்.

மூன்றாம் நாள், சரிவில்,
ஒற்றைக்கொம்புப் பெட்டை முன்னால், இவர் பின்னால்,
முழங்கால் மடங்கிப் பாசியில் உட்கார்ந்தார்.
பிறகு படுத்தார்.
ஆடு நின்று திரும்பிப் பார்த்தது என்றான்
பக்கத்துப் பண்ணை எய்வின்தூர்.
ஆட்டைப் பற்றித்தான் முதலில் சொன்னான்.

நாடி முப்பத்தாறு.
ஸ்னைதீஸ் என்ற அந்த இளம் டாக்டர்
என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டாள்.
ஒன்றுமில்லை என்றார் அவர்.
ஒன்றுமில்லை என்றேன் நானும்.
மருந்து என்றால் விழுங்குவது.
கண்ணில் விட்டது கண்ணோடு போயிற்று.

அவருடைய கோட்டை உதறி மாட்டப் போனேன்.
பையிலிருந்து விழுந்த குப்பி உருண்டு
அவள் செருப்பருகே போய் நின்றது.
குனிந்து எடுத்தாள். பொடி எழுத்தைப் படித்தாள்.
டிமோலோல் என்றாள்,
தேடிக்கொண்டிருந்த ஆளைத் தெருவில் பார்த்ததுபோல.

கண்ணில் நீர் ஊறுவதைக் குறைக்கிறது,
அழுத்தம் இறங்குகிறது.
வழிந்தது மூக்குக்குள் இறங்கி, ரத்தத்தில் கலந்து
இதயத்தின் கடிவாளத்தையும் பிடித்து இழுக்கிறது.
அவள் சொல்லச் சொல்ல
எனக்குப் படியில் நின்று நின்று ஏறியவர் தெரிந்தார்.
போர்வைக்குள் சில்லிட்ட விரல்கள்.
விடிகாலைக் கனவில் யார் யாரையோ கூப்பிட்டது.
அத்தனையும் வயது என்ற ஒரே கணக்கில்
நான் எழுதி வைத்திருந்தேன்.

இப்போது வேறு குப்பி. பச்சை மூடி, இரவில் மட்டும்.
அழுத்தம் பதினாறு, நாடி அறுபத்திரண்டு.
இமைமயிர் கன்றுக்குட்டிக்குப்போல நீளுகிறது.
எய்வின்தூர் கேலி செய்கிறான்.
இவர் சிரிக்காமல்
மெதுவாகச் சிமிட்டிக் காட்டுகிறார்.

காலைத் துளி இனி இல்லை.
ஆனாலும் காலையில் வந்து
அதே நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்க்கிறார்.
நான் ஈரக் கையைத் துடைத்துக்கொள்கிறேன்.
வானொலியில்,
கிழக்குக் கரையில் காற்று குறையுமாம்,
அலை மூன்று மீட்டர்.